தேநீர் வேளை தருமமா, உரிமையா?

தூத்துக்குடியில் படகு எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் லேத் பட்டறைகளிலும், தொழிலாளி தேநீர் அருந்தும் பத்து நிமிடத்தை வீண்செலவாகக் கணக்கிடும் முதலாளிகள் நம்மவரிடையே உண்டு. பனிமய மாதா திருவிழாவுக்குத் தாராளமாகக் கொடுக்கும் கையே அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலியைப் பிடிக்கிறது. இது முறையன்று என்கிறோம்.

ஓய்வுக்கான வழக்கு இவ்வூருக்குப் புதிதன்று. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வோடு வார ஓய்வையும் கேட்டனர், வென்றனர். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, உழைப்பில் தேய்ந்த வலிமைக்கு ஏற்ற ஓய்வு வேண்டும் என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் கற்பித்திருந்தார்.

“வேலை கெடுமே” என்பர். சுழலும் லேத்தின் முன் சோர்ந்த கை ஒரு கணம் தவறினால் கெடுவது வேலை மட்டுமா? விரலும் போகும், அவன் வீட்டு அடுப்பும் அணையும். ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் விதித்தது. ஆய்வாளர் எட்டிப்பாராத சிறு பட்டறையில் முதலாளியின் மனச்சான்றே ஆய்வாளர்.

ஓய்வுநாள் கட்டளை வேலையாளை மட்டுமன்றி மாட்டையும் நினைவுகூர்கிறது. மாட்டுக்கு இரங்கும் இறைவனை வணங்கிவிட்டு, மனிதனின் தேநீரைக் கணக்கெழுதுவது எந்தப் பக்தி? கூலி பிடிக்காத பத்து நிமிடமும், அமர ஒரு பலகையும் கொடுப்போம். அது தருமமன்று; கடன்.