கேஸ் மாத்திரைக்கு ஒரு கடைசித் தேதி

மாத்திரை அட்டையின் முதுகில் காலாவதித் தேதி இருக்கிறது. விலை, பேட்ச் எண், உற்பத்தித் தேதி எல்லாம் இருக்கின்றன. அதை எந்த நாளோடு விழுங்குவதை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அட்டையில் இல்லை. டாக்டர் சீட்டிலும் பெரும்பாலும் இல்லை. இந்த விடுபடலுக்குச் சிலருடைய நாக்கும் தாடையும் விலை கொடுக்கின்றன.

எங்கள் பாடாலூரில் பழைய சீட்டை நீட்டினால் மருந்து வரும். சீட்டு கிழிந்துபோயிருந்தால் காலி அட்டையே போதும். 'கேஸ் மாத்திரை', 'வாந்தி மாத்திரை', 'தலைசுத்தல் மாத்திரை' என்றுதான் கேட்போம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், அமில மாத்திரையோடு ஒரே கேப்ஸ்யூலில் சேர்த்துத் தரும் லெவோசல்பிரைடு மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை. மூளையில் டோபமின் போய் உட்காரும் இடத்தை அடைக்கின்றன. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் செய்வதும் அதைத்தான். வயிற்று உப்புசத்துக்கு மாத்திரை போடுகிறவரிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறோமா?

அடைத்த வாசலைத் தாண்டிச் செய்தி கேட்க மூளை காதைத் தீட்டிக்கொள்கிறது. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் சிலருக்கு உதடு தானாக மெல்லும், நாக்கு வெளியே வந்து போகும், விரல் வீணை வாசிக்கும். டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். தாமதமாக வரும் அசைவு என்று பொருள். முதல் மனநோய் மருந்தான குளோர்புரோமசின் 1952இல் பாரிஸில் புழக்கத்துக்கு வந்தது. 1957இலேயே ஷோனெக்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த வாய் அசைவை எழுதிவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் தெரிந்த விஷயத்தை 'அரிதான பக்கவிளைவு' என்று சொல்லிக் கடந்துபோவது அறியாமை அல்ல, அலட்சியம்.

என் அத்தைக்குச் சர்க்கரை உண்டு, வயது அறுபதுக்கு மேல். கேஸ் கேப்ஸ்யூல் இரண்டு வருஷம் ஓடியது. "வெத்தலையே இல்லாம என்னத்த மெல்ற?" என்று தெருவில் கேலி செய்தார்கள். பல்செட் சரியில்லை என்று பல் டாக்டரிடம் போனோம். வயசாயிடுச்சு என்றார் இன்னொருவர். கடைசியில் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான், "வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும் எடுத்துட்டு வாங்க" என்றார். நோயைக் கண்டுபிடிக்க அதுதான் முதல் பரிசோதனை. கேப்ஸ்யூலை நிறுத்தினார்கள். அசைவு குறைந்திருக்கிறது, போகவில்லை. அத்தை இப்போது கல்யாணங்களுக்குப் போவதில்லை.

முதியவர்கள், பெண்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மெட்டோகுளோபிரமைடை 12 வாரத்துக்கு மேல் தராதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. 2013இல் ஐரோப்பிய அமைப்பு அதை 5 நாளாகச் சுருக்கியது. இங்கே? அதே வகை மருந்தான ஃபுளூபென்டிக்ஸால் கலந்த டீன்க்ஸிட், தயாரித்த கம்பெனியின் சொந்த நாடான டென்மார்க்கிலேயே விற்க அனுமதி இல்லாதது. அதற்கு இங்கே எப்படி அனுமதி கிடைத்தது என்று 2012இல் நாடாளுமன்ற நிலைக்குழு கேட்க வேண்டியிருந்தது. 2013 ஜூனில் தடை வந்தது. தடை பிறகு கோர்ட்டுக்குப் போனது.

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறோம், எல்லாத்தையும் சொல்லிட்டிருக்க முடியுமா?" என்று டாக்டர் நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லாம் வேண்டாம். "வாயோ கையோ தானா அசைஞ்சா உடனே வாங்க" என்பதைச் சொல்ல ஐந்து விநாடி ஆகும். அதற்கும் நேரமில்லை என்றால், ரப்பர் ஸ்டாம்ப் செய்து சீட்டில் குத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் 'இங்கிலீஷ் மருந்தே விஷம்' என்று முழங்குகிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு அந்த மாத்திரைதான் வாழ்க்கை. அதைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும், அசைவும் கூடலாம். அளவைக் கூட்டினால் அசைவு கொஞ்ச நாள் மறையும், உள்ளே கேடு தொடரும். இரண்டும் பொறி. மாற்ற வேண்டியது மருத்துவர், மெதுவாக.

எல்லா அசைவும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். வாந்தி ஊசி போட்ட அன்றோ மறுநாளோ கழுத்து திருகிக் கண் மேலே செருகினால் அது பேய் அல்ல, வலிப்பும் அல்ல. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் பெரும்பாலும் நிமிடங்களில் சரியாகிவிடும். சில வாரங்களில் வரும் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் டிரைஹெக்சிபெனிடில் உதவும். ஆனால் அதே மாத்திரை தாமதமாக வரும் வாயசைவைக் கூட்டக்கூடும். அதற்கு வேறு வழி உண்டு: டெட்ராபெனசின் இந்தியாவிலேயே கிடைக்கிறது. அதே வழியில் செயல்படும் வால்பெனசினும் டியூடெட்ராபெனசினும் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அடக்கும் மருந்துகள்தான் இவை, அடியோடு தீர்ப்பவை அல்ல. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம்.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பிழை வந்தால் முதலில் லாக் பார்ப்போம். லாக் எழுதாதவன் "என் கோடில் பிழையே வந்ததில்லை" என்று சொன்னால் சிரிப்போம். மருந்து விஷயத்தில் அந்த மாதிரிப் பேச்சைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. நோயாளியே புகார் சொல்லலாம். எண் 1800-180-3024. கட்டணம் இல்லை. எத்தனை மருந்துக் கடைச் சுவர்களில் இந்த எண்ணைப் பார்த்திருக்கிறீர்கள்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டில் 'இத்தனாம் தேதி வரை' என்று ஒரு வரி. அது தாண்டினால் கடையில் மருந்து இல்லை என்ற கண்டிப்பு. வருஷக்கணக்கில் மனநல மருந்து எடுப்பவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, நடக்கவிட்டுப் பார்க்கும் பத்து நிமிடச் சோதனை. இதற்கென்று 1970களிலிருந்தே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை கேஸ் மாத்திரை எழுதித் தரும்போது எழுந்துவிடாதீர்கள். "எத்தனை நாளைக்கு, டாக்டர்?" என்று கேளுங்கள். பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.