தூண்டிற்கோலும் இரக்கமும்

வலிய கோல் கொண்டு மீன் பிடிப்போன் வன்மனத்தன் என்றும், மெல்லிய கோல் கொள்வோனே மீனுக்கும் தப்ப வாய்ப்பளிக்கும் நேர்மையாளன் என்றும் தூண்டில் விளையாட்டிற் பழகியோர் பலர் கருதுவர். இக்கருத்து எல்லாவிடத்தும் பொருந்தாது என்பது நம் துணிபு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடித்தற்குக் கையாளும் 'பிளிப்பிங்' என்னும் வீச்சுமுறையைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

பெருவாய்ப் பாஸ் நாணற்புதர், நீரில் மூழ்கிய மரம், அடர்ந்த பாசி ஆகியவற்றின் நிழலை விரும்பி உறைவது; அணுகும் சிற்றுயிரை ஆங்கிருந்து பாய்ந்து கவ்வுவது. அச்சிறு இடைவெளியில் இரையைத் தப்பாது இடுதல் நெடுந்தொலை வீச்சிற்கு அரிது. ஆதலின் பிளிப்பிங் செய்வோன் புதரை மிக அணுகி நின்று, உருளையிலிருந்து வரும் கயிற்றின் ஒரு பகுதியை இடக்கையாற் பற்றி இழுத்து, பொய்யிரையை ஊஞ்சல்போல் முன்னே ஆட்டி, கையிலுள்ள கயிற்றை நெகிழவிடுவான். இரை தாழப் பறந்து ஓசையின்றி நீருட் புகும்.

இம்முறையைப் போட்டிகளிற் பரவச்செய்தவர் கலிபோர்னியாவைச் சார்ந்த டீ தாமஸ் என்பார். முதலில் அவர் கையாண்ட கோல் ஏறத்தாழ 12 அடி நீளமுடையது. உடன் போட்டியிட்டோர் அந்நீளத்தைக் குறை கூறவே, அவர் 7½ அடிக் கோலுக்கு இறங்கினார். 1975-ஆம் ஆண்டு ஆர்க்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரிப் போட்டியில் இம்முறையாலேயே வெற்றியும் பெற்றார்.

இதற்கேற்ற கோல் யாது? நீளம் 7½ அடி அளவினதாதல் வேண்டும். குறுகிற் கயிற்றின் ஆட்டமும் குறுகும், மீனை மேலே தூக்கும் ஆற்றலும் குறையும். நுனி சிறிதே வளையலாம். அன்றேல் இரையை மெல்லென இடல் இயலாது. நடுவும் அடியும் விறைப்பாக இருத்தல் இன்றியமையாதது. கயிறும் 20 இறாத்தற் பாரம் தாங்குவதாதல் நன்று.

விறைப்பு ஏன் எனின், கவ்விய மீன் கணப்பொழுதிற் புதருள் திரும்பும். மெல்லிய கோல் வளைந்துகொடுக்க, தடித்த முள் செவ்வனே பதியாது. கயிறோ தண்டுகளிற் சுற்றி அறும். மீன் வாயில் முள்ளோடும் வாலிற் பின்தொடரும் கயிற்றோடும் புதரிற் சிக்கி வருந்தும். இதனை நேர்மை என்று எங்ஙனம் கூறுவது? மீனுக்குரிய வாய்ப்பு இரையைக் கவ்வுமுன் உள்ளது. கவ்வியபின் நீளும் போராட்டம் வாய்ப்பன்று, வருத்தமே. பிடித்த மீனை உயிருடன் நீரில் விடும் வழக்கம் 1972 முதல் அந்நாட்டுப் போட்டிகளில் ஊக்குவிக்கப்பட்டு வந்துளது. அங்ஙனம் விடப்படும் மீன் களைத்துச் சோராதிருத்தற்கும் விரைந்து கரைசேர்க்கும் வலிய கோலே துணையாம்.

ஆயின் அக்கோலே யாண்டும் சிறந்தது என்னேம். திறந்த நீரில், முக்கவர் முட்கள் பூண்ட பொய்யிரையை நெடுந்தொலை எறிந்து இழுக்குங்கால், விறைத்த கோல் சிறு முள்ளை மீனின் வாயினின்றும் பிய்த்துவிடும். ஆண்டு வளையும் கோலே வேண்டும். எனவே விலையும் அழகும் பிறர் புகழும் நோக்கிக் கோல் கொள்ளுதல் பிழை. கோலை வாங்குமுன் நீரை நோக்குக. நீரில் வாழும் உயிரையும் நினைக.