கருவியை மட்டும் பூட்டினால் போதுமா?

விபத்தில் அடிபட்டு வந்தவரின் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வலது விலாவின் கீழ்ப்பகுதியில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் ப்ரோபை வைத்தால், கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டினாற்போல் தெரியும். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கீற்று விழுந்தால், அது பெரும்பாலும் ரத்தம்தான். அடுத்து இடப்பக்கம் மண்ணீரல், பிறகு அடிவயிறு, இதயத்தைச் சுற்றிய உறை. அவசர சிகிச்சை மருத்துவர்கள் ‘ஃபாஸ்ட்’ என்று அழைக்கும் இந்தப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோவதா, சி.டி. எடுக்கும்வரை பொறுக்கலாமா என்று முடிவெடுக்க அந்தக் கீற்று உதவும்.

இதற்கான கருவி இன்று சட்டைப் பையில் அடங்குகிறது. வழக்கமான படிகங்களுக்குப் பதிலாகச் சிலிக்கான் சில்லு கொண்டு இயங்கும் பட்டர்ஃபிளை ஐக்யூ, அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது. கைபேசியில் செருகினால் படம் வந்துவிடும். நம் நாட்டிலோ, இப்படியொரு கருவியைப் பையில் போட்டுக்கொண்டு நோயாளியின் வீட்டுக்குப் போகும் மருத்துவர் மீது வழக்கே பாயலாம்.

ஸ்கேன் சென்டர் சுவரில் நாம் எல்லோரும் படித்திருக்கும் எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால் இருக்கும் சட்டம்தான் காரணம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் இறுக்கப்பட்ட சட்டம் அது. பதிவு பெறாதவருக்குக் கருவியை விற்கக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். 2012இல் வந்த விதித் திருத்தம் இன்னொரு படி போனது: எடுத்துச் செல்லும் கருவியைப் பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியில் வைத்திருக்கலாம். அவ்வளவுதான்.

சட்டமே வேண்டாம் என்று மருத்துவர் வட்டாரத்தில் அவ்வப்போது எழும் முணுமுணுப்போடு எனக்கு உடன்பாடில்லை. நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 1991இல் 945 பெண்கள் இருந்தார்கள். 2001இல் 927, 2011இல் 919. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாநிலம் நம்முடைய தமிழ்நாடு. ஆனால், கருவியை எண்ணிப் பூட்டிவைத்தால் குற்றம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை, பெட்டி அளவுக் கருவிகள் இருந்த காலத்துக்குரியது.

தர்மபுரி, திருப்பத்தூர் பக்கம் வீடுகளில் வைத்து ஸ்கேன் பார்த்துப் பிடிபட்ட கும்பல்களைப் பாருங்கள். பதிவு இல்லை, பலரிடம் மருத்துவப் படிப்பும் இல்லை. பதிவு விதிகள் அவர்களைத் தொட்டதே இல்லை. துப்புக் கிடைத்து, ஆள் அனுப்பிப் பொறிவைத்த அதிகாரிகள்தான் பிடித்தார்கள். விதிகளின் பாரம் முழுவதும் பதிவு செய்தவர் தலையில்தான். கர்ப்பிணியை ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் ‘படிவம் எஃப்’ நிரப்ப வேண்டும். எத்தனை மகன்கள், எத்தனை மகள்கள், அவரவர் வயது என்று அது விசாரிக்கும். அதில் ஏற்படும் குறையே குற்றமாகக் கொள்ளப்படும். மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வெறும் எழுத்துப் பிழைக்கு இவ்வளவா என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2019இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவேடுதான் சட்டத்தின் உயிர் என்று கருதினால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், படிவத்தை ஒழுங்காக நிரப்பியவர் வாயால் எதையும் சொல்லவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதற்கிடையே ஸ்கேனே தேவையில்லாத வழியும் வந்துவிட்டது. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு குரோமோசோம் கோளாறுகளைக் கண்டறியும் சோதனை, 2011 முதல் வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கிறது. பத்தாவது வாரத்திலேயே ஆணா பெண்ணா என்பதையும் அது காட்டிவிடும். நம் சட்டம் ஆய்வகங்களையும் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால், ரத்த மாதிரி அடைத்த குழாய் கூரியரில் போகக்கூடிய பொருள்.

கருவியைப் பூட்டிவைப்பதைவிட, கண்காணிப்பைக் கருவிக்குள்ளேயே வைப்பது பயன்தரும். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் ஒவ்வொரு ஸ்கேனையும் தானாகப் பதிந்துவைக்கும் ‘சைலன்ட் அப்சர்வரை’ப் பொருத்த மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. ரேடியாலஜி மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 2011இல் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. அன்று தனியாக ஒரு பெட்டி தேவைப்பட்டது. கைபேசியில் இயங்கும் இன்றைய ப்ரோபில், யார், எப்போது, எங்கே, எந்த உறுப்பைப் பார்த்தார் என்பதைச் செயலியே பதிந்துவிட முடியும். ரகசியமாகச் சொல்வதை அது பதியாது, உண்மை. படிவம் எஃப்பும்தான் பதிவதில்லை.

விதியைத் தளர்த்தத் தொடங்குவதற்கு எளிய இடம் லீனியர் ப்ரோப். 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸில் வேலைசெய்யும் இது, தோலுக்கு அடியில் சில சென்டிமீட்டர் ஆழம்தான் பார்க்கும். மயக்க மருத்துவர் நரம்பைத் தேடி மரத்துப்போகும் ஊசி போடவும், கழுத்துச் சிரையில் குழாய் செருகவும் இதுவே போதும். கருப்பையைப் பார்ப்பதற்குப் பொதுவாக 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த ப்ரோப் வேண்டும். லீனியர் ப்ரோப் மட்டுமே பொருத்தக்கூடிய கருவிகளுக்குத் தனி விதி வகுத்து, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் இருந்து விலக்கைத் தொடங்கலாம். ‘ஃபாஸ்ட்’ பார்க்க வளைந்த ப்ரோப் தேவை என்பதால், தானே பதிவுசெய்யும் வசதியுள்ள கருவிகளை 108 ஆம்புலன்ஸில் அனுமதிப்பது அடுத்த கட்டம். நடமாடும் ஊர்திக்கு 2012இல் தந்த விளக்கத்துக்குள் ஆம்புலன்ஸ் எளிதில் அடங்காது என்பதால், அந்த விதியையும் மத்திய அரசு சேர்த்தே திருத்த வேண்டியிருக்கும்.