பென்ஷன் யார் வீட்டுப் பணம்?



சங்கம் வைத்தவர்கள் ஊரார் வரிப்பணத்தில் பென்ஷன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு படம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகச் சுற்றுகிறது. அதற்குக் கைதட்டியவர்களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர். கோபமில்லை. ஆனால் கணக்கு தப்பு. தப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு டீச்சர் சும்மா இருக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

தனியார் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். சி.டி.சி. என்று ஆண்டுக்கு ஒரு பெரிய தொகை போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே பி.எஃப்.-க்கான கம்பெனி பங்கும் அடங்கியிருக்கும். பெயர்தான் கம்பெனி பங்கு. உங்கள் உழைப்புக்கு விலை பேசிய தொகையில் ஒரு பகுதிதான் அது. முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று நீங்கள் யாரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, பேங்க்காரருக்கும் வாத்தியாருக்கும் மட்டும் அது எப்படி இனாம் ஆகிறது?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பென்ஷன் என்பது தயவு அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

பேங்க் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் யார் கொடுத்தார்கள் என்பது ரசீதோடு இருக்கிறது. 1993-ல் சங்கங்கள் பேசி பென்ஷன் வாங்கின. நிபந்தனை என்ன? பி.எஃப்.-ல் பேங்க் போடும் பங்கை ஊழியர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பணம்தான் பென்ஷன் நிதிக்குப் போனது. என் வீட்டுக்காரர் உட்பட நிறையப் பேர் அப்போது பி.எஃப். போதும் என்று இருந்துவிட்டார்கள். 2010-ல் மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. பணியில் இருந்தவர்கள் பி.எஃப்.-ல் இருந்த பேங்க் பங்கையும் கொடுத்து, 2007 நவம்பர் மாதச் சம்பளத்தைப் போல 2.8 மடங்கும் கட்டினார்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தவர்கள், வாங்கிய பேங்க் பங்கைத் திருப்பிக் கட்டியதோடு அதன் மேல் இன்னொரு 56 சதவீதமும் கட்டினார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு அத்தான் அதற்காக நகையை அடகு வைத்தார். ஊரார் பணமாம்!

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வாத்தியாருக்குப் பென்ஷனுக்கென்று மாதாமாதம் பிடிக்கவில்லையே என்பீர்கள். உண்மை, பிடிக்கவில்லை. (ஜி.பி.எஃப். எங்கள் சொந்தச் சேமிப்பு, அது வேறு.) கையில் கொடுப்பது குறைவு, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அரசு வேலையின் பேச்சு. இன்றைய வாத்தியார் சம்பளத்தை வைத்து எண்பதுகளின் சம்பளத்தை அளக்காதீர்கள். அன்று குறைத்துக் கொடுத்ததை அரசாங்கம் ஒரு உண்டியலில் போட்டு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, அவ்வப்போதே செலவழித்துவிட்டது. இப்போது வரிப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அது பழைய கடன். மளிகைக் கடைப் பாக்கியைக் கேட்க வந்த செட்டியாரைப் பார்த்து, என் வீட்டுச் சோற்றில் கை வைக்கிறாய் என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் ஒன்று. இந்தக் கணக்கில் நிஜமாகவே ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்புத் திட்டத்தில் தள்ளினார்கள். எனக்கு அடுத்த வகுப்பறையில் அதே பாடம் நடத்திய தங்கைக்கு மாதம் 10 சதவீதம் பிடித்தம், எனக்கு இல்லை. அதையாவது அரசாங்கம் தானாக ஆணை போட்டுச் செய்தது. பேங்கில் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. 2010-ல் பழையவர்களுக்குப் பென்ஷன் வாங்கித் தந்த அதே ஒப்பந்தத்தில், அந்த ஏப்ரல் 1-க்குப் பிறகு சேருகிறவர்களுக்கு என்.பி.எஸ். என்று எழுதிச் சங்கங்களும் கையெழுத்துப் போட்டன. சேராதவனுக்குச் சங்கத்தில் ஓட்டு ஏது? இல்லாத பிள்ளையின் பங்கைக் கொடுத்து இருக்கிற பிள்ளைக்குப் பாகம் பிரித்தார்கள்.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் 2010-க்குப் பிறகு பேங்கில் சேர்ந்தவர்கள். தம்பிகளே, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம். அதை என் வீட்டுக்காரர் பென்ஷன் மேல் காட்டாமல், அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன்னால் உங்கள் சங்கக் கூட்டத்துக்குப் போய், எங்களுக்கு என்ன என்று எழுந்து நின்று கேளுங்கள். வகுப்பில் கேட்ட மாதிரி சத்தமாக.