முத்து போச்சு, சங்காவது மிஞ்சுமா?

தூத்துக்குடிக்கு முத்து நகர் என்று பேரு. சென்னைக்குப் போகிற ரெயிலுக்குக்கூட முத்துநகர் எக்ஸ்பிரஸ். லாட்ஜ், ஜவுளிக்கடை, ஓட்டல், எங்கே திரும்பினாலும் முத்து!

ஆனால் இந்தக் கடலில் கடைசியாக அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்திய வருடம் எது? 1961! அந்த வருடம் பிறந்த பிள்ளை இன்று பேரன், பேத்தி எடுத்தாச்சு.

"வெள்ளைக்காரன் வழிச்சு அள்ளிக்கிட்டுப் போயிட்டான், அதான் தீர்ந்துச்சு" என்று டீக்கடையில் சொல்வார்கள். பாதிதான் சரி. கணக்கைப் பாருங்கள். 1663 முதல் 1961 வரை, ஏறக்குறைய 300 வருடத்தில், நம்ம பக்கம் முத்துக்குளிப்பு நடந்தது 38 தடவைதான். 1928-ல் நின்றது 1955-ல்தான் மறுபடி வந்தது. வந்தது விடாமல் ஏழு வருடம் கொட்டியது. அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. மனுஷன் கை வைக்காத வருடங்களிலும் சிப்பி இல்லாமல் போயிருக்கிறது. ஏன்?

கோடி முட்டை, கொஞ்சம் குஞ்சு

முத்துச் சிப்பி பிள்ளை பெறுகிற விதமே ஒரு சூதாட்டம். பெண் சிப்பி லட்சக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் விடும். ஆண் சிப்பி விந்தைத் தண்ணீரில் விடும். இரண்டும் நடுக்கடலில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். சிப்பிகள் நெருக்கமாகக் கிடந்தால் சந்திக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் அத்தனையும் வீண். சிப்பிக்குக் கூட்டம் இருந்தால்தான் குடும்பம்!

பிறந்த குஞ்சு மூன்று வாரம் வரை நீரோட்டத்தில் மிதக்கும். 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அதைத்தான் நம்ம ஆட்கள் 'பார்' என்பார்கள். தோலயிரம் பார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நீரோட்டம் குஞ்சைப் பாரில் கொண்டு சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். மணலில் தள்ளினால் கதை முடிந்தது.

ஒட்டியது மட்டும் தப்பிக்குமா? கிளாத்தி மீன் கடித்து நொறுக்கும். திருக்கை தின்னும். நட்சத்திர மீன் கட்டிப் பிடித்துத் திறக்கும். சூரன் என்று ஒரு சின்னச் சிப்பி கூட்டமாக வந்து பாய் பின்னியது போல மூடி, மூச்சு முட்ட வைக்கும். இதெல்லாம் ஹெர்ட்மேன், ஹார்னெல் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 1900-களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்த விஷயம்.

அப்போது இலங்கைப் பக்கம் நடந்ததைக் கேளுங்கள். 1905-ல் அங்கே கோடிக்கணக்கில் சிப்பி விழுந்தது. பார்த்த லண்டன்காரர்களுக்கு ஆசை! ஒரு கம்பெனி ஆரம்பித்து, 1906-ல் இருந்து 20 வருடக் குத்தகை எடுத்தார்கள். வருடத்துக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வாடகை. 1907-க்குப் பிறகு கடல் கையை விரித்துவிட்டது. கம்பெனி இழுத்து மூடப்பட்டது! இரண்டு நல்ல வருடத்தைப் பார்த்து இருபது வருடக் கணக்குப் போட்டால் இப்படித்தான்.

நம்ம ஊரிலும் முயற்சிக்குக் குறைச்சல் இல்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் இங்கே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். 1981-ல் தொட்டியிலேயே சிப்பிக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். 1980-களில் சுமார் 10 லட்சம் குஞ்சுகளைப் பாரில் கொண்டுபோய் விதைத்தார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனாலும் முத்துக்குளிப்பு திரும்பவில்லை. இத்தனை வருடம் யாரும் குளிக்காமல் விட்டும் திரும்பவில்லை!

சங்கு வேறு ஜாதி

இவ்வளவும் சொன்னது சங்குக்காக. "கடல் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை" என்று சிப்பிக்குச் சொல்கிற நியாயத்தையே சங்குக்கும் சொல்கிறார்கள். அது செல்லாது.

சங்கு லட்சக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் வீசாது. தை, மாசி, பங்குனி வாக்கில், ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிய ஒரு கூட்டை மணலில் ஊன்றும். அதற்குள் வரிசை வரிசையாக அறைகள். அந்த அறைக்குள்ளேயே வலுத்த குஞ்சு இளைத்ததைத் தின்றுவிடும். கடைசியில் வெளியே வருவது சில நூறுதான். அதுவும் நீரோட்டத்தில் ஊர் சுற்றாது. பிறந்த இடத்திலேயே மணலில் ஊர்ந்து, புழுவைத் தின்று, வருடக்கணக்கில் மெள்ள வளரும்.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு திட்டில் சங்கை வழித்து எடுத்துவிட்டால், இலங்கையிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ குஞ்சு மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது. சிப்பி விஷயத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. சங்கு விஷயத்தில் பெரும்பாலும் நம்ம கைதான் தீர்மானிக்கிறது.

பழைய அதிகாரிகளுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் 57 மில்லிமீட்டர் என்று ஒரு அளவு வைத்தார்கள். பழைய கணக்கில் இரண்டே கால் அங்குலம். சங்கின் வயிற்றுக் குறுக்களவு அதற்குக் கீழே இருந்தால், உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும். எளிமையான சட்டம். ஒரு வளையம் போதும். வளையத்துக்குள் நுழைந்து விழுந்தால் அது குழந்தை!

இன்னொரு காவலும் இருந்தது. அது குளியாளியின் மூச்சு. ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட, அவ்வளவுதான் அடக்க முடியும். மூச்சுக்கு எட்டாத ஆழத்தில் கிடந்த தாய்ச் சங்கு பிழைத்தது. இப்போது கம்ப்ரசர் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஆழத்தில் மணிக்கணக்கில் இருக்கலாம். சங்குக்கும் ஒளிய இடமில்லை. இறங்குகிறவர் உயிருக்கும் உத்தரவாதமில்லை. போதாக்குறைக்கு, அடிமடி வலை மணலை அரித்துக்கொண்டு போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது விசைப்படகுக்குத்தான். அதுவும் சங்கு முட்டை வைக்கிற மாதங்கள் கழிந்த பிறகு!

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கையில் அகப்பட்டதைத் திரும்பப் போடு என்று, வீட்டில் உலை வைக்கக் காத்திருக்கிறவரிடம் சொல்வது சுலபம். கேட்க வேண்டியது வாங்குகிறவரை. கோயில் ஊர்களிலும் கன்னியாகுமரிப் பக்கமும் கடைகளில் தட்டு நிறையப் பொடிச் சங்கு பார்த்திருப்பீர்கள்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுச் சின்னதா இருக்கே?"

"சின்னதுக்குத்தான் கிராக்கி. சாவிக்கொத்துல மாட்டலாம், ஷோகேஸ்ல வைக்கலாம்."

பெரிய சங்கென்றால் வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். ஒரு சங்கில் பல வளையல், நல்ல காசு. பொடிச் சங்குக்கு என்ன கிடைக்கும்? நாலு வருடம் மணலில் விட்டிருந்தால் பலமடங்கு விலை பெறுகிற சரக்கை, சில்லறைக்குத் தள்ளுகிறோம். கணக்குத் தெரிந்த தூத்துக்குடி வியாபாரி செய்கிற வேலையா இது?

குளிக்கிறவர் படகைத் துரத்துவதை விட்டுவிட்டு, சங்கு வாங்குகிற ஒவ்வொரு கிட்டங்கி வாசலிலும் 57 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை ஊர் பார்க்கத் தொங்க விடட்டும். அதில் நுழைந்து விழுகிற சங்கை வாங்கினால் அபராதம் வாங்குகிறவருக்கு! குளியாளிக்கு வேண்டாம். தை முதல் பங்குனி வரை சங்குத் திட்டுகளை முறை வைத்து மூடலாம். இந்த வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறு பக்கம். விசைப்படகுத் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கிற அரசாங்கம், அந்த மாதங்களில் சங்கு குளிக்கிற குடும்பத்துக்கும் கொடுக்கட்டும். எந்தத் திட்டில் எப்போது முட்டைக்கூடு இருக்கும் என்று ஆபீசில் உட்கார்ந்து தேட வேண்டாம். தினம் கீழே போய் வருகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டால் பட்டியலே போட்டுத் தருவார்.