மூவாயிரம் கோடி மிச்சம், சரி! உரிமை யாருக்கு?

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தமிழனுக்கும் கணிப்பொறிக் காப்புரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று சென்ற மாதம் ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். கூலி, ரேஷன் கார்டு, வாடகை வீடு என்று எழுத ஆயிரம் இருக்கையில், படித்தவர்களின் சண்டையை நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அவர் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். கணிப்பொறிப் பாடத்தையும் தமிழில்தான் படிக்கிறாள். பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்த நம்முடைய பிள்ளைக்கு இது எப்படிக் கிடைத்தது, யார் நினைத்தால் பறிபோகும் என்பதே நாம் பேச வந்த விஷயம்.

2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த நகரத்துக்கு வந்து, இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அந்நாளில் பள்ளியில் கணிப்பொறிப் பாடம் என்றாலே மைக்ரோசாஃப்ட் கம்பனியின் விண்டோஸ் பாடம்தான். ஒரு கம்பனியின் சரக்கைப் பயன்படுத்தப் பொதுப் பணத்தில் பயிற்சி! ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். 2006இல் அச்சுதானந்தன் அரசு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்டால்மன் மறுபடியும் வந்தார். அதன்பின் உயர்நிலைப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. அன்றைய ஐ.டி.@ஸ்கூல் திட்டம் 2017 முதல் 'கைட்' என்ற நிறுவனம். அது 2019இல் கணக்குச் சொன்னது: 2 லட்சம் கணிப்பொறிகள், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம்.

இந்த 'மிச்சம்' என்ற சொல்லோடுதான் நமக்குத் தகராறு. நாளைக்கே அந்தக் கம்பனி 'பள்ளிகளுக்கு இலவசம்' என்று வாசலில் வந்து நின்றால், மிச்சக் கணக்கு மட்டும் பேசியவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? முதலில் சும்மா கொடுத்துப் பழக்கம் உண்டாக்குவது பீடிக் கம்பனிக்கும் தெரிந்த வித்தைதான். கட்டற்ற மென்பொருள் என்பது இலவச மென்பொருள் அல்ல. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகள்தான் கட்டற்ற மென்பொருள். யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்காமல், உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் லினக்ஸின் திரைச் சொற்களை ராத்திரி கண்விழித்துத் தமிழாக்கியது இந்த உரிமையால்தான். விண்டோஸில் ஒரு பிழையான தமிழ்ச் சொல்லைத் திருத்த வேண்டுமானால் கம்பனிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் இதழின் கதையே போதும். ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பக்கங்களைக் கோர்த்தோம். அது தனக்கென்று ஒரு ரகசிய எழுத்துக் குறியீடு வைத்திருந்தது. ஒரு பூட்டுக்கட்டியைச் செருகினால்தான் ஓடும். விற்றவர்கள் கடையை மூடினார்கள், பூட்டுக்கட்டி பழுதாயிற்று. அந்த ஆண்டுகளின் இதழ்களை இன்று திறந்தால் திரையில் தெரிவது தமிழல்ல, புழுக்கூட்டம். எழுதியவர்கள் நாம், அச்சிட்டவர்கள் நாம், சாவி மட்டும் இன்னொருவர் கையில். காகிதப் பிரதிகளைப் பார்த்து யூனிகோடில் மறுபடி தட்டச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இத்தனையும் உரிமச் சண்டை. உரிமத்தைக் கட்டற்றதாக்கிவிட்டால் வென்றுவிட்டோம் என்று நினைப்பவர்கள் கொல்லைப்புறக் கதவை மறந்துவிடுகிறார்கள். அதன் பெயர் மென்பொருள் காப்புரிமை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கதையை நாம் நகலெடுக்கக் கூடாது என்பது பதிப்புரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. 'அண்ணன் தம்பி பாகப்பிரிவினை' என்ற கருவுக்கே ஒருவர் பட்டா வாங்கிக்கொண்டு, இனி எவன் அப்படிக் கதை எழுதினாலும் எனக்குக் கப்பம் கட்டு என்றால்? அதுதான் காப்புரிமை. ஒரு வரிகூட நகலெடுக்காமல், சொந்த மூளையால் எழுதியவனும் குற்றவாளி ஆவான். கற்பனை அல்ல. கணிப்பொறிப் படங்களுக்கான 'கிஃப்' வடிவம் உலகெங்கும் பரவிய பிறகு, 1994 டிசம்பரில், அதிலுள்ள சுருக்கும் முறை தங்களுடையது என்று யூனிசிஸ் கம்பனி கட்டணம் கேட்டது. எம்.பி.3 காப்புரிமைக்கு அஞ்சி, பாட்டுக் கேட்கும் வசதியையே 2002இல் ரெட் ஹேட் தன் லினக்ஸிலிருந்து எடுத்துவிட்டது. 2007இல் மைக்ரோசாஃப்ட், கட்டற்ற மென்பொருள்கள் தன்னுடைய 235 காப்புரிமைகளை மீறுகின்றன என்று மிரட்டியது. எந்தெந்த 235 என்ற பட்டியலை மட்டும் வெளியிடவில்லை!

உமாசங்கர் தமிழ்நாட்டு எல்காட் நிறுவனத்தை லினக்ஸுக்கு மாற்றியபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் அங்கே எடுத்துக்கொண்டது நோவெல் கம்பனியின் சூசே லினக்ஸ். அந்த நோவெலோ 2006 நவம்பரில், தன் வாடிக்கையாளர்மேல் வழக்குப் போடுவதில்லை என்று மைக்ரோசாஃப்டிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்ட கம்பனி. காசு கொடுத்தவனுக்கு நிழல், மற்றவனுக்கு வெயில். 2018இல் மைக்ரோசாஃப்ட் தன் 60,000 காப்புரிமைகளுடன் லினக்ஸ் பாதுகாப்புக் கூட்டமைப்பில் சேர்ந்ததும் மனம் திருந்திவிட்டது என்று சிலர் பூரித்தார்கள். திருந்தட்டும். கம்பனியின் நல்ல மனத்தை நம்பியா பள்ளிக்கூடம் நடத்துவது?

நமக்குள்ள காவல், காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. கணிப்பொறி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் எதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது அது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்து கரையெல்லாம் பிணமாய்க் கிடந்த அதே நாள் தேதியிட்ட அவசரச் சட்டத்தின் மூலம், தொழில்துறைப் பயன்பாடு உள்ள நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமை உண்டு என்று தில்லி அரசு அந்தப் பிரிவை வெட்டியது. இடதுசாரிக் கட்சிகளின் எதிர்ப்பால் 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் பழைய வாசகத்தையே நிலைநிறுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 648க்கு 14 என்ற வாக்கில் மென்பொருள் காப்புரிமைச் சட்டமுன்வரைவைத் தூக்கியெறிந்தது.

சட்டத்தில் தோற்றவர்கள் வழிகாட்டுநெறி என்ற பெயரில் திரும்பி வந்தார்கள். 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் கதவைத் திறந்தது. எதிர்ப்பு எழ, டிசம்பரில் நிறுத்திவைத்தது. 2016 பிப்ரவரியில், புதிய வன்பொருளும் இருந்தால்தான் காப்புரிமை என்று நிபந்தனை வைத்தது. 2017 ஜூனில் அந்த நிபந்தனையைச் சத்தமில்லாமல் உருவிவிட்டது. நாடாளுமன்றம் மறுத்ததை அலுவலகக் காகிதம் கொடுப்பதென்றால் நாடாளுமன்றம் எதற்கு?

காப்புரிமை இருந்தால்தான் டெக்னோபார்க்கில் நம் பிள்ளைகளுக்கு வேலை என்பார்கள் சிலர். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் வளர்ந்ததெல்லாம் மென்பொருளுக்குக் காப்புரிமை மறுத்த இந்த நாட்டில்தான். நாகர்கோவிலிலிருந்து வந்து கழக்கூட்டத்தில் இரவெல்லாம் நிரல் எழுதும் நம் பையனுக்குக் கிடைப்பது சம்பளம். காப்புரிமை வந்தால் அதன் பலன் முதலாளிக்குத்தான். நாளை அவனே சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கினால், அதே காப்புரிமை அவன் கழுத்தில் விழும். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காட அவன் எதை விற்பான்?

பள்ளிக் கணிப்பொறிகளைப் பற்றிப் பெருமைப்படும் கேரள அரசு, 3(கே) பிரிவை வழிகாட்டுநெறிகளால் நீர்த்துப்போகச் செய்யாதே என்று தில்லிக்கு அதிகாரபூர்வமாக எழுத வேண்டும். தமிழ் வழிப் பள்ளிகளுக்கான மென்பொருளைத் தமிழாக்கும் வேலையில் இங்குள்ள தமிழாசிரியர்களைச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். இவ்விரண்டையும் கேட்டு மனு தமிழிலும் மலையாளத்திலும் தயாராகச் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் வந்து கையெழுத்திடலாம். கேள்வி கேட்ட நண்பரையும் எதிர்பார்க்கிறோம்.