முத்திரைத்தாளில் முறியாது திருமணம்

"அதெல்லாம் அப்பவே அத்துவிட்டாச்சு" என்பார்கள் தென்மாவட்டங்களில். "பேசித் தீர்த்து எழுதி வாங்கியாச்சு" என்பார்கள் வேறு பக்கங்களில். "ஸ்டேஷன்லயே எழுதிக் கொடுத்துட்டாங்க" என்பது நகரத்துப் பேச்சு. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்களோ, ஒரு வக்கீலோ, காவல் நிலையமோ முன்னிற்க, கணவனும் மனைவியும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அத்தோடு திருமணம் முடிந்தது. இனி இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இல்லாமல் இந்த நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரோடியிருக்கிறது. மறுமணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் "எழுதின பேப்பர் இருக்கா?" என்று கேட்கிறார்கள். காட்டியதும் மனநிறைவோடு தட்டை மாற்றிக்கொள்கிறார்கள்.

அந்தத் தாளுக்கு அப்படி ஒரு வலிமையே கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வரும் ஒரு திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். மற்றபடி தாள் இருபது ரூபாயாக இருந்தாலும் ஆயிரம் ரூபாயாக இருந்தாலும், நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவே செய்திருந்தாலும் நிலை மாறாது. இன்னார் இன்ன நாளில் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. எழுதியிருப்பது சட்டப்படி செல்லும் என்று அது எங்கும் சொல்வதில்லை. திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதித்தர நோட்டரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்டத்துறை 2024 அக்டோபரில் எழுத்து மூலமாகவே தெரிவித்தது. தெரிவிக்க வேண்டிய அளவுக்கு இது நடக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அந்த விதிவிலக்கு, வழக்காறு. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, ஒரு சமூகத்தில் வழிவழியாக நிலவிவரும் மணவிலக்கு முறையை விட்டுவைத்திருக்கிறது. உழைக்கும் சாதிகள் பலவற்றில் அப்படிப்பட்ட முறைகள் இருந்தன. துரும்பைக் கிள்ளிப் போட்டுப் பிரிந்தார்கள். பரியத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தார்கள். பிரிந்த பெண் மறுமணம் செய்துகொண்டாள். மேல்சாதி வீட்டுப் பெண் ஆயுள் முழுக்க ஒரே கட்டில் கிடந்த காலத்தில் அது பெரிய விடுதலை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இன்று எழுதப்படும் தாள்களில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த வழக்காற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழக்காறு என்று ஒருவர் சொன்னால், அது தொன்மையானது, இடையறாமல் நடந்துவருவது, தன் சமூகத்தில் இன்றும் உயிரோடு இருப்பது என்பதையெல்லாம் அவரே நீதிமன்றத்தில் சொல்லி, அவரே நிரூபிக்க வேண்டும். 2002இலும், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2005இலும் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறது. பத்திரம் இருப்பதாலேயே வழக்காறு இருந்ததாக ஆகிவிடாது. வெவ்வேறு சாதியில் பிறந்து காதலித்து மணந்த இருவருக்கு எந்தச் சமூகத்தின் வழக்காறு பொருந்தும் என்று, அந்தத் தாளை எழுதிக்கொடுத்தவர் எப்போதாவது யோசித்திருப்பாரா?

"ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானா விவாகரத்து ஆயிரும்" என்ற நம்பிக்கையும் இதன் உடன்பிறப்பு. ஏழாண்டுகளாக உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாத ஒருவரிடமிருந்து விவாகரத்துக் கேட்டு மனுச் செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அது காதுக்குக் காது மாறி இப்படி ஆகிவிட்டது. எத்தனை ஆண்டு பிரிந்திருந்தாலும் எந்தத் திருமணமும் தானாக முறியாது.

தாளை நம்பினால் என்ன கேடு? இருவரும் சம்மதித்துத்தானே பிரிந்தார்கள், யாருக்கு நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் உடனே தெரியாது. பத்து, பதினைந்து வருடம் கழித்துத் தெரியும்.

அந்தத் தாளை நம்பி ஒருவர் மறுமணம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் திருமணம் சட்டத்தின் கண்ணில் உயிரோடு இருப்பதால் இரண்டாவது திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494ஆவது பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவு, இதற்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகளின்படி வேலைக்கும் ஆபத்து. முதல் துணை புகார் கொடுக்காதவரை எல்லாம் அமைதியாகப் போகும். ஒரு நிலத்தகராறோ, ஒரு கோபமோ போதும், பழைய தாள் வழக்காக எழுந்து நிற்கும்.

இதில் அதிகம் அடிபடுபவள் இரண்டாவதாக வந்த பெண். கணவன் இறந்து, வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும் நாளில்தான் பலருக்குத் தங்கள் நிலை புரிகிறது. இருபது ஆண்டு சோறு பொங்கிப் போட்டு, நோயில் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்தவளுக்கு மனைவி என்ற இடம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசான விதவை என்ற இடம், அன்றைக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன முதல் மனைவிக்கே உரியது. குடும்ப ஓய்வூதியத்துக்கும் அந்தச் சிக்கல்தான். பிள்ளைகளை மட்டும் சட்டம் கைவிடவில்லை. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அவர்கள் முறையான வாரிசுகளே என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தைக்குச் சேர வேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. தாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தாளை நம்பிய ஒரு பெண்ணின் வழக்கு தெலங்கானாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் கணவரோடு 2005இல் ஒரு ஒப்பந்தம் எழுதிப் பிரிந்தார். வேறொருவரை மணந்தார், குழந்தையும் பிறந்தது. அந்த வாழ்வும் கசந்து ஜீவனாம்சம் கேட்டபோது, "உன் முதல் திருமணம் முறியவே இல்லை, நீ என் மனைவியே அல்ல" என்றார் இரண்டாம் கணவர். முதல் திருமணத்தை முழுக்கத் தெரிந்துகொண்டே மணந்தவர் அவர். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கடைசியில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் பரஸ்பர சம்மத மனு ஒன்றில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்காக அவர் எத்தனை ஆண்டு நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தாள்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு வரி உண்டு: "இனி எக்காலத்திலும் ஜீவனாம்சமோ வேறு எந்த உரிமையோ கோர மாட்டேன்." கையில் ஒரு தொகையைக் கொடுத்து, சீர்ப்பாத்திரங்களைத் திருப்பி ஏற்றிவிட்டு, கண்ணீரோடு நிற்கும் பெண்ணிடம் இதில் கையெழுத்து வாங்குகிறார்கள். பராமரிப்பு உரிமையை அப்படி எழுதிப் பறிப்பது பொதுக்கொள்கைக்கு எதிரானது, செல்லாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதை அறியாத பெண், "எழுதிக் கொடுத்துட்டேனே" என்று தனக்குள்ளேயே முடங்கிக்கொள்கிறாள். தப்பித்தவறி வழக்குப் போட்டாலும் அந்தத் தாள் வேறு உருவில் வந்து நிற்கிறது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவி ஜீவனாம்சம் பெற முடியாது என்ற விதி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவிலும் இருந்தது, அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவிலும் இருக்கிறது. கணவன் தரப்பு வக்கீல் அந்தத் தாளை எடுத்து நீட்டி, "சம்மதித்துத்தானே பிரிந்தாள்" என்பார். நீதிமன்றத்தின் வழியாக முறைப்படி விவாகரத்துப் பெற்றவள், மறுமணம் செய்யாதவரை, அந்தப் பிரிவின்படி மனைவியாகவே கருதப்பட்டு ஜீவனாம்சம் கேட்கலாம். தாளை நம்பியவளோ விவாகரத்தும் பெறவில்லை, பராமரிப்புக்கும் போராட வேண்டும். ஒரே தாள் அவளுடைய இரண்டு கையையும் கட்டிவிடுகிறது.

குழந்தை விஷயத்தில் எழுதப்படுவதைப் படிக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் தாங்க முடிவதில்லை. "குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும், தந்தைக்கு அதன்மேல் உரிமையும் இல்லை, செலவுக்குப் பொறுப்பும் இல்லை." ஒரு நாய்க்குட்டியைக் கைமாற்றுவதுபோல இரண்டே வரி. குழந்தை அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. அதன் சோறு, துணி, படிப்பு, மருந்துச் செலவைத் தந்தையிடம் கேட்பது அதனுடைய சொந்த உரிமை; தாய் எழுதிக்கொடுத்து அதை ஒழிக்க முடியாது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது, ஜீவனாம்சப் பிரிவும் சொல்கிறது. அதேபோல் தந்தையின் உரிமையும் அந்தத் தாளால் ஒழிந்துவிடாது. மூன்று ஆண்டு கழித்து ஒரு நாள் பள்ளி வாசலிலிருந்து அவர் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டால், தாய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடுவாள். தந்தை இயற்கைப் பாதுகாவலர், நீதிமன்ற உத்தரவு ஏதும் இல்லை, இது குடும்ப விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டமும் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் பாதுகாவலர் சட்டமும் காட்டும் அளவுகோல் குழந்தையின் நலன். பெற்றோரின் வெற்றி தோல்விக்கு அங்கே இடமில்லை. "அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அதுக்கப்புறம் அப்பா" என்று பஞ்சாயத்துகளில் அடித்துச் சொல்கிறார்களே, அப்படிச் சட்டத்தில் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து முடிந்ததும் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நீதிமன்றம் என்றால் விவரம் தெரிந்த பிள்ளையிடம் தனியே பேசிப் பார்க்கும். வார விடுமுறை, பள்ளி விடுமுறை, பண்டிகை என்று மற்றவர் பார்க்கும் நாட்களை வகுத்துத் தரும். நிலைமை மாறினால் உத்தரவை மாற்றவும் கேட்கலாம். முத்திரைத்தாளில் இவற்றில் எதற்கும் வழி கிடையாது.

இது இந்துக்களுக்கு மட்டுமான கதை அன்று. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது. தனியார் அமைப்புகள் தரும் குலா (மனைவி கோரும் மணவிலக்கு) சான்றிதழ் செல்லாது, பெண்கள் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று 2023இல் சொன்னது. திருச்சபை நீதிமன்றம் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் சட்டப்படி அது முறிவாகாது என்று கேரளத்துக் கிறிஸ்தவர் ஒருவரின் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மதம் எதுவானாலும், நீதிமன்றத்துக்கு வெளியே யாரோ தந்த தாளை நம்பியவர்கள் பட்ட பாடு ஒன்றுதான்.

மக்கள் ஏன் பஞ்சாயத்தைத் தேடுகிறார்கள் என்பது புரியாமல் இல்லை. வாய்தா மேல் வாய்தா, வக்கீல் செலவு, வேலையை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு அலைச்சல். இவை உண்மையான குறைகள். ஆனால் எதிர்த்து நடத்தும் வழக்கு இழுப்பதைப் பார்த்துவிட்டு, சம்மதத்தோடு பிரிவதும் அப்படித்தான் இழுக்கும் என்று நினைப்பது தவறு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்து ஒரே மனுப் போடலாம். காத்திருக்க வேண்டிய காலம் ஆறு மாதம். தகுந்த வழக்கில் அதையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்துவிட்டது. பஞ்சாயத்தில் பேசிய தொகையையும், குழந்தை ஏற்பாட்டையும் அந்த மனுவிலேயே எழுதலாம். சம்மதம் இருக்கும்போது தாளில் எழுதத் தெரிந்தவர்களுக்கு மனுவில் எழுத என்ன தடை?

தடை, மானம் போய்விடும் என்ற எண்ணம். கோர்ட் படி ஏறினால் குடும்பப் பெயர் கெட்டுவிடுமாம். கணவனுக்கும் மனைவிக்கும் மணவிலக்கு உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. இந்தியா முழுமைக்குமான சட்டம் வருவதற்கு முன்பே, 1949இல், இந்துக்களுக்கு இருதார மணத் தடையும் மணவிலக்கும் தந்து சென்னை மாகாணம் தனிச்சட்டம் செய்தது. அப்படிப் பெற்ற உரிமையை வெட்கப்பட்டு ஒதுக்கிவிட்டு, ஒரு திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதில் என்ன மானம் இருக்கிறது?

பஞ்சாயத்தார் பலர் நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். காசு வாங்கிக்கொண்டு இந்தத் தாள்களைத் தட்டச்சு செய்து தரும் வக்கீல்களும் நோட்டரிகளும் அப்படியல்ல. இது செல்லாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே செய்வது மோசடி. சங்கங்களும் பார் கவுன்சிலும் இதை மோசடியாகவே நடத்த வேண்டும். காவல் நிலையங்கள் "பிரிந்து வாழச் சம்மதம்" என்று எழுதி வாங்கி மனுவை முடித்துவைப்பதை நிறுத்த வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் பெட்டிக்குள் இருந்தால், அதைக் கிழித்துப் போட வேண்டாம். எந்த நாளிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு அது சான்றாக உதவும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். மறுமணப் பேச்சு நடக்கும் வீடாக இருந்தால், தட்டு மாற்றும் முன் நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். அது இல்லையென்றால் அந்தச் சம்பந்தத்தைத் தள்ளிப்போடுங்கள்.